கல்லூரி மைதானத்தில் போட்டுக் குழம்பு

"நைனா, சனிக்கிழமை நீ எங்க காலேஜுக்கு வர்ற. பேர் குடுத்துட்டேன்" என்று என் மகள் சொன்னபோது நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாயில் நுரை இருந்ததால் உடனே மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. துப்பிவிட்டு நிமிர்வதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நான் காசிமேட்டில் ஒரு விசைப்படகில் சமைப்பவன். விசைப்படகை எங்கள் பக்கம் போட்டு என்றுதான் சொல்வோம். ஒரு முறை கடலுக்குப் போனால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கரை. என்னோடு சேர்த்து எட்டுப் பேர். வலை இழுக்கும்போது நானும் இழுப்பேன், மீன் பிரிக்கும்போது நானும் பிரிப்பேன். ஆனால் வேளைக்குச் சோறு போடுவது என் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை. அந்த வாரம் இன்ஜினில் ஏதோ கோளாறு என்று போட்டைக் கட்டிப் போட்டிருந்தார்கள். அதனால்தான் வீட்டில் இருந்தேன்.

சாயங்காலம் அவள் வந்ததும் விஷயம் முழுதாகத் தெரிந்தது. கல்லூரியில் வருஷத்துக்கு ஒரு நாள் விழா. பாட்டு, ஆட்டம், கோலம், கயிறு இழுப்பது எல்லாம் உண்டு. அதோடு மைதானத்தில் ஒவ்வொரு வகுப்பும் ஒரு சாப்பாட்டுக் கடை போட வேண்டும். நல்ல கடைக்குக் கோப்பை. கேஸ் அடுப்பு பற்ற வைப்பதால் கடைக்கு ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும் என்பது கல்லூரியின் விதி.

"எங்க கிளாஸ்ல எல்லாம் சாண்ட்விச்சு, ஜூஸுன்னு சொல்லிகினு இருந்தாங்க. நான்தான் மீன் குழம்புன்னேன். கவுச்சி அடிக்கும்னு நாலு பேரு மூஞ்ச சுளிச்சாங்க. எங்க நைனா போட்ல குக்கு, அவரு வைக்கிற குழம்புக்காவே ஆளுங்க அந்த போட்ல ஏறுவாங்கன்னு சொல்லிட்டேன். கடைக்குப் பேரே போட்டுக் குழம்பு."

"யாரு சொன்னாங்க உனக்கு, குழம்புக்காக ஏறுவாங்கன்னு?"

"உங்க டிரைவர் மாமாதான். கல்யாணத்துல சொன்னாரே."

எங்கள் போட்டு ஓட்டுகிறவர் கல்யாண வீட்டில் சொன்னதை எல்லாம் கணக்கில் எடுக்கக் கூடாது என்று இவளுக்கு எப்படிப் புரிய வைப்பது? என் கவலை வேறு. என் மகள் நான் வைத்த குழம்பை ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. கரைக்கு வந்தால் நான் அடுப்புப் பக்கமே போக மாட்டேன். பத்து நாள் என் கைச் சோற்றையே தின்றுவிட்டு வருகிறவனுக்கு மனைவி கையால் சாப்பிடத்தான் ஆசையாக இருக்கும். ஆக, வாயில் வைத்தே பார்க்காத குழம்பைப் பற்றி அவள் ஒரு வகுப்பு முழுவதற்கும் பெருமை பேசிவிட்டு வந்திருக்கிறாள். அதில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பெண் மிச்ச நாளெல்லாம் அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும்.

என் மனைவி மார்க்கெட்டில் மீன் விற்பவள். "வூட்ல ஒரு தபா வச்சுப் பாத்துட்டுப் போ" என்றாள்.

"இருவத்திரண்டு வருஷமா வைக்கிறேன். வச்சு வேற பாக்கணுமா?" என்றேன். பேச்சில் எப்போதும் பின்வாங்குகிற ஆள் நான். அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அந்தத் திமிர் என்று இப்போதும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை ஏலத்தில் சங்கரா மீன் நல்லதாகக் கிடைத்தது. மனைவியே எடுத்து, செதில் எடுத்துத் துண்டு போட்டு, ஐஸ் வைத்துக் கொடுத்தாள். பெரிய அலுமினியக் குண்டான் ஒன்று, மீன் பெட்டி, மசாலாப் பை. ஷேர் ஆட்டோவில் நாலு பேர் இடத்தை நானும் மகளும் குண்டானும் பிடித்துக்கொண்டோம். டோல்கேட்டில் ஏறிய ஒருவர் மீன் பெட்டியைப் பார்த்துவிட்டு, "கல்யாணமா?" என்றார். "காலேஜு" என்றாள் மகள். அவருக்குப் புரியவில்லை.

நான் பத்தாவது வரை படித்தவன். கல்லூரி வாசலை பஸ்ஸில் போகும்போது பார்த்ததோடு சரி. மகளைச் சேர்த்தபோதுகூட அவள் அம்மாதான் கூடப் போனாள், நான் கடலில் இருந்தேன். அதனால் வாசலுக்கு வந்ததும் காவலாளி என்னைப் பார்த்துக் கையை நீட்டியபோது, திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

"கேட்டரிங் எல்லாம் பின் கேட்டு வழியா போப்பா."

"கேட்டரிங் இல்லண்ணா" என்றாள் என் மகள். "எங்க நைனா. எங்க கடைக்குப் பெரியவரு."

அவர் நோட்டை எடுத்து என் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். மெயின் கேட் வழியாகவே குண்டானோடு உள்ளே போனோம்.

உள்ளே இவ்வளவு இடம் இருக்கும் என்று வெளியிலிருந்து தெரியாது. வெளியே நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கின்றன, உள்ளே புங்க மரங்கள். வழி நெடுக மாணவிகள் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கோலத்தில் துறைமுகத்துக் கிரேன், இன்னொன்றில் எண்ணூர்ப் புகைபோக்கிகள், அதிலிருந்து வரும் புகையைக் கறுப்புப் பொடியால் அழகாகத் தீற்றியிருந்தார்கள். அழுக்கைக்கூட இப்படி அழகாகப் போட முடிகிறதே என்று நின்று பார்த்தேன். மேடையில் ஒரு பையன் பெஞ்சைத் தட்டிக் கானா பாடிக்கொண்டிருந்தான். அவன் அம்மா மேல் பாட்டு. முன்வரிசையில் இருந்த ஆசிரியைகள்கூடத் தொடையில் தாளம் போட்டார்கள். நாங்கள் போட்டில் பாடுகிற மாதிரிதான் இருந்தது, மைக் மட்டும்தான் கூடுதல்.

மகளின் கடை மைதானத்தின் ஓரத்தில் மூன்றாவது. துணிப்பந்தல், இரண்டு பெஞ்சு, ஒரு அடுப்பு, ஒரு டிரம் தண்ணீர். அட்டையில் போட்டு ஒன்று வரைந்து, அதன் மேல் ஒரு குண்டான் வரைந்து, 'போட்டுக் குழம்பு' என்று எழுதியிருந்தார்கள். குண்டான் போட்டைவிடப் பெரிதாக இருந்தது.

அங்கே இருந்த ஐந்தாறு பெண்களில் ஒருத்திதான் எல்லாருக்கும் வாய். கொருக்குப்பேட்டைப் பெண். என்னைப் பார்த்ததும், "அங்கிள், உங்கள நம்பித்தான் பக்கத்துக் கடைக்காரனுங்ககிட்ட பெட்டு கட்டிகிறோம். எங்க மானம் உங்க கரண்டியில கீது" என்றாள்.

"சும்மா இருடி, அவரு பயந்துடப் போறாரு" என்றாள் என் மகள்.

பக்கத்துக் கடை பையன்கள் பிரியாணி. அவர்களுக்குப் பெரியவராக வந்திருந்தவர் பெரிய தொந்தியோடு நாற்காலியில் உட்கார்ந்து ஆணையிட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார் வகுப்பு ஆசிரியை. "உட்காருங்க சார், பிள்ளைங்க செய்வாங்க, நீங்க சொல்லிக் குடுத்தா போதும்" என்றார். என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. உட்காரவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. நாற்காலியின் மேல் மசாலாப் பையை வைத்துவிட்டு அடுப்பருகே நின்றுகொண்டேன்.

சமைக்கத் தொடங்கியதும் கூச்சம் போய்விட்டது. போட்டில் தரை ஆடும், இங்கே ஆடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் வெங்காயம் வதக்க மாட்டோம். ஆடுகிற போட்டில் எண்ணெயைக் காயவைப்பது ஆபத்து. சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு எல்லாவற்றையும் பச்சையாகக் குண்டானில் போட்டுக் கையால் பிசைந்து, மிளகாய்த் தூளும் புளித் தண்ணீரும் சேர்த்து அப்படியே ஏற்றிவிடுவோம். நன்றாகக் கொதித்து வற்றிய பிறகு மீன். மீன் உள்ளே போனபின் கரண்டி போடக் கூடாது, குண்டானைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். கடைசியில் மேலாக நல்லெண்ணெய். மகளின் தோழிகள் போன் வைத்து அதையெல்லாம் படம் பிடித்தார்கள். பிசையும்போது, "கைலயேவா அங்கிள்!" என்றது ஒரு பெண். "கரண்டிக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சொன்னதற்கு ஐந்தாறு பேர் ஒன்றாகச் சிரித்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

மீனை டிரம் தண்ணீரில் மூன்று முறை அலசினேன். குழம்பு கொதித்தது, மீன் போட்டேன், எண்ணெய் மிதந்தது, வாசனை வந்தது. கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்களில் சிலர் கைப்பொடியைத் தட்டிவிட்டு எழுந்து வந்தார்கள். என் மகள் என்னைப் பார்த்து இரண்டு புருவத்தையும் தூக்கினாள்.

எங்கள் போட்டில் ஒரு பழக்கம் உண்டு. குழம்பு இறக்கியதும் முதல் கரண்டி கடலுக்கு. அதை ஊற்றிய பிறகுதான் யார் வாயிலும் படலாம், சமைத்தவன் வாயிலும்கூட. அதனால் நான் பாதியில் ருசி பார்ப்பதே கிடையாது. வாசனையும் எண்ணெய் மிதப்பதும்தான் எனக்குப் பக்குவம். அன்றைக்கு அந்த முதல் கரண்டியோடு சுற்றும் முற்றும் பார்த்தேன். கடல் இருப்பது நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், கல் கொட்டிய கரையில். இங்கே தரையில் ஊற்றினால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று கூச்சமாக இருந்தது. கரண்டியை மறுபடி குண்டானிலேயே கவிழ்த்தேன். கடலுக்குக் கொடுக்காததால் நான் வாயில் வைக்கவில்லை. "போடலாம்மா" என்றேன்.

முதல் தட்டை வாங்கியது கொருக்குப்பேட்டைப் பெண்தான். சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மெல்லுவது நின்றது. என் மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விழுங்கிவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அங்கிள்... உப்பு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உப்பே போடவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, எனக்கு அந்தப் பழக்கமே இல்லை. நடுக்கடலில் நல்ல தண்ணீர் அளவாகத்தான் இருக்கும். மீனைக் கடல் தண்ணீரில்தான் அலசுவோம், குழம்புக்கும் ஒரு குவளை கடல் தண்ணீரையே ஊற்றுவோம். உப்பு அதிலேயே வந்துவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் குழம்புக்கென்று உப்பு டப்பாவை நான் திறந்ததே இல்லை. மசாலாப் பையில் உப்பு எடுத்து வரவும் இல்லை.

பக்கத்துக் கடை பையன் ஒருவன் ஓசி ருசி பார்க்க வந்தவன், அவனும் ஒரு வாய் வைத்தான். திரும்பித் தன் கூட்டத்துக்குக் கத்தினான்.

"மச்சான், இங்க வாங்கடா! பி.பி. பேஷண்ட் ஸ்பெஷல்!"

பையன்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். கொருக்குப்பேட்டைப் பெண், "டேய், உன் பிரியாணில கறியத் தேட டார்ச் லைட்டு எத்தினி கொண்டாந்துகிற?" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் கவுச்சி என்று மூஞ்சி சுளித்ததாக மகள் சொன்னாளே, அவர்களாகத்தான் இருக்கும், இரண்டு பெண்கள் பெஞ்சுக்குப் பின்னால் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். என் மகளும் கவனித்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

அப்படியே பின் கேட்டு வழியாகப் போய்விட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். என்னால் அவளிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல முடிந்தது.

"கடல் தண்ணி இல்லியேம்மா."

அவள் டிரம்மையும் குண்டானையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளுக்குப் புரிந்தது. கண்ணை அகல விரித்து, "ஐயோ நைனா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. அவளுக்குத் தெரியாத என் வேலையை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்ததுபோல இருந்தது.

"இப்ப இன்னா பண்ணலாம், சொல்லு" என்றாள்.

பிரியாணிக் கடைப் பெரியவர் கல்லுப்புப் பொட்டலத்தை நாற்காலியிலிருந்தே நீட்டினார். நல்ல மனுஷன். உப்பை அப்படியே மேலே தூவிக் கிளறினால் மீன் உடையும். பாதிக் குழம்பை அகப்பையால் வேறு பாத்திரத்துக்கு மொண்டு, அதில் உப்பைக் கரைத்துக் கொதிக்கவைத்து, மறுபடி குண்டானின் ஓரமாக ஊற்றித் தீயைக் குறைத்து மூடினேன். இந்த முறை கொஞ்சம் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். கடல் மன்னிக்கட்டும். குழம்பில் உப்பு சரியாகிவிட்டது. மீனுக்குள் ஏற நேரம் வேண்டும்.

அதற்குள் நடுவர்கள் வந்துவிட்டார்கள். வேறொரு கல்லூரியில் சமையல் பாடம் நடத்தும் அம்மா ஒருவர், கையில் பேனாவும் தாளும். இன்னொருவர் தெற்கேயிருந்து வந்து இங்கே மளிகை மொத்த வியாபாரம் செய்கிற ஐயா. வகுப்பு ஆசிரியையின் முகம் வெளுத்திருந்தது. மூடியைத் திறக்காமல் ஏதாவது சாக்குச் சொல்லும்படி என் மகளிடம் ஜாடை காட்டினார். "இன்னும் வேகல மேடம்னு சொல்லிடு" என்று அவர் மெல்லச் சொன்னது என் காதிலும் விழுந்தது.

என் மகள் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் போனாள். அன்றைக்கு அவள் அம்மாவின் புடவை கட்டியிருந்தாள்.

"சார், மேடம், உண்மைய சொல்லிடறேன். எங்க நைனா போட்ல குக்கு. பத்து நாளு கடல்லயே இருந்து எட்டுப் பேருக்குச் சமைக்கிறவரு. அங்க கடல் தண்ணியிலயே மீன் அலசறதால தனியா உப்பு போட மாட்டாங்க. இன்னைக்கு டிரம் தண்ணியில அலசிட்டு அதே மாதிரி விட்டுட்டாரு. இப்பத்தான் உப்பு போட்டுகீது. நீங்க மத்த கடையெல்லாம் பாத்துட்டுக் கடைசியா வந்தீங்கன்னா நல்லாருக்கும்."

எல்லாரும் கேட்கும்படி, தலையைக் குனியாமல் சொன்னாள். ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டார். மளிகைக்கார ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இது என்னம்மா கதை! உப்புத் தண்ணியிலயே கெடக்கவருக்கு உப்பு மறந்துபோச்சாக்கும்?" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். என் மகள் விடவில்லை. "ஆமா சார். எங்க கடையில மட்டும்தான் இந்தத் தப்பு நடக்கும்" என்றாள்.

அவர்கள் அடுத்த கடைக்கு நகர்ந்ததும் கொருக்குப்பேட்டைப் பெண் ஒரு அட்டையை எடுத்து, பெரிய எழுத்தில், 'பி.பி. ஸ்பெஷல் தீர்ந்துவிட்டது. இப்போது உப்பு போட்ட குழம்பு' என்று எழுதிக் கட்டிவிட்டாள். அதைப் படிக்க நின்றவர்கள் என்ன கதை என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் கையைக் காலை ஆட்டிச் சொன்னாள். போகப் போக அந்தக் கதையில் நான் புயலில் எல்லாம் சமைத்தேன். வரிசை நீண்டது. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். மூஞ்சி சுளித்தவர்கள் என்று நான் நினைத்த அந்த இரண்டு பெண்களும் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. பழகாதவர்களுக்குக் கவுச்சி கவுச்சிதான்.

நடுவே மைதானத்தின் அந்தப் பக்கம் கயிறு இழுக்கும் போட்டி நடந்தது. மகளின் வகுப்பு முதல் சுற்றிலேயே தோற்றது. தோற்றவர்கள் எல்லாரும் பசியோடு நேராக எங்கள் கடைக்கு வந்தார்கள்.

நடுவர்கள் திரும்பி வந்தார்கள். நானே ஊற்றினேன். சமையல் ஆசிரியை குழம்பை மட்டும் தொட்டு நாக்கில் வைத்து ஏதோ எழுதினார். ஐயா ஒரு துண்டைப் பிட்டு, முள் நீக்கி, நிதானமாக மென்றார்.

"கொழம்பு பிரமாதம்" என்றார். "மீனுக்குள்ள இன்னும் உப்பு சாரலியே, பாப்பா."

"சாரல சார்" என்றாள் என் மகள். ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

கோப்பை பிரியாணிக்குப் போனது. இரண்டாவது, மூன்றாவதிலும் எங்கள் பெயர் இல்லை. மைக்கில் அறிவித்தபோது அவள் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். தோல்வி அவளுக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தட்டி முடித்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள், அது எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஆனால் கூட இருந்த பெண்கள் அவள் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்கள். ஆசிரியை என்னிடம் வந்து, "உங்க பொண்ணு மாதிரி அந்த இடத்துல நான் பேசியிருக்க மாட்டேன் சார்" என்றார். "அவ அம்மா மாதிரி" என்றேன். பாதி உண்மை. அவள் அம்மாவும் எதையும் மறைக்காமல் பேசுகிறவள்தான். ஆனால் என்னைப் பற்றி நானே அப்படி நாலு பேர் முன்னால் சொல்லிக்கொண்டதில்லை. வேலை என்ன என்று யாராவது கேட்டால் மீன்பிடித் தொழில் என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடுவேன். ஆண் பிள்ளை கடலில் சோறு வடிக்கிறான் என்றால் சிரிப்பார்களோ என்று உள்ளுக்குள் ஒன்று இருந்தது. அவள் அதை ஒரு மைதானத்துக்கே சொல்லிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. உப்புக்குச் சிரித்தார்கள், அது சரிதான்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பந்தலைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். என் மகள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. குண்டானின் அடியில் ஒரு மீன் தலையும் நாலைந்து துண்டும் கொஞ்சம் குழம்பும் மிச்சமிருந்தன. மீதிச் சோற்றைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். நான் அடுப்பைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன்.

தலையை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "நைனா" என்றாள்.

திரும்பினேன்.

"ஏறிடுச்சு. உள்ள வரைக்கும் ஏறிடுச்சு." ஒரு துண்டைப் பிட்டு என் வாயில் வைத்தாள். ஏறியிருந்தது. மூன்று மணி நேரம் குழம்பில் கிடந்து, கடலில் வைத்ததுபோலவே ஆகியிருந்தது.

"இத்தினி நாளா இத்த அந்த ஏழு பேருக்கு மட்டும் போட்டுகினு இருந்தியா நீ?" என்றாள். கண் கலங்கியிருந்தது, காரம் என்று சொல்லிப் புறங்கையால் துடைத்தாள். பிறகு சட்டென்று எழுந்தாள். மிச்சத் துண்டுகளில் இரண்டை ஒரு கிண்ணத்தில் போட்டுக் குழம்பை ஊற்றினாள்.

"எங்க போறம்மா?"

"மீன்ல உப்பு சாரலன்னாரே, அந்த சாரு இன்னும் போவல. ஸ்கூட்டர்கிட்ட நிக்கிறாரு."

"போட்டிதான் முடிஞ்சுபோச்சே, உட்டுடு."

"மார்க்கு யாருக்கு வேணும்? தின்னுட்டுப் போவட்டும்."

புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கிண்ணத்தோடு, கோலங்களை மிதிக்காமல் தாண்டித் தாண்டி ஓடினாள். கொருக்குப்பேட்டைப் பெண்ணும் பின்னாலேயே ஓடினாள். அந்த ஐயா ஹெல்மெட்டை மாட்டப் போனவர் நின்றார். அவள் கிண்ணத்தை நீட்டி என்னவோ சொன்னாள், என் பக்கம் கையைக் காட்டினாள். லாரிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அவர் ஹெல்மெட்டை ஸ்கூட்டர் சீட்டில் வைத்துவிட்டு, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். என் பக்கம் பார்த்தார்.

அவர் கை மறுபடியும் கிண்ணத்துக்குள் போனது.